ஓப்பன் டயலாக் பாக்ஸின் இடது ஓரம்

இணையத்தில் ஒரு விண்ணப்பம் போடுகிறீர்கள். போட்டோ கேட்கிறது. பட்டனை அழுத்தியதும் ஃபைலைத் தேர்வு செய்யும் டயலாக் பாக்ஸ் திறக்கிறது. போட்டோ இருப்பதோ டி டிரைவில்; அதில் ‘வீடு’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘சான்றிதழ்கள்’, அதற்குள் ‘ஸ்கேன் செய்தவை’. ஒவ்வொரு படியாக இறங்கிப் போய் எடுக்கிறீர்கள். அடுத்து கையெழுத்தைக் கேட்கும்போது பிரவுசர் அதே இடத்தில் வந்து நிற்கும், பரவாயில்லை. ஆனால் அதே ஸ்கேனை வேர்டில் ஒரு கடிதத்தோடு சேர்க்கப் போனால், வேர்டு வேறு எங்கோ நிற்கிறது. மறுபடி டி டிரைவ், மறுபடி ‘வீடு’.

இப்படி ஒரு நாளில் எத்தனை முறை இறங்குகிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. தினமும் பத்து ஃபைல் ஏற்றுகிற இ-சேவை மையத்துக்காரர்கூட வழியை விரலுக்குப் பழக்கிவைத்திருப்பாரே தவிர, அந்த டயலாக் பாக்ஸின் இடது ஓரத்தைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். அங்கே வரிசையாக நிற்கும் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ் எல்லாம் கம்ப்யூட்டரோடு வந்தவை, அப்படியே இருக்க வேண்டியவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்தப் பட்டியல் உங்களுடையது. வேண்டாததை எடுக்கலாம், வேண்டியதைச் சேர்க்கலாம், மேலே கீழே நகர்த்தலாம்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஃபைலைத் திறக்கும் அந்த டயலாக் பாக்ஸை வேர்டோ குரோமோ வரைவதில்லை. ‘பயனர் ஒரு ஃபைலைத் தேர்வு செய்யட்டும், அதன் பெயரை எனக்குச் சொல்’ என்று புரோகிராம் விண்டோஸிடம் கேட்கிறது. பெட்டியைத் திறந்து காட்டி, நீங்கள் தேர்ந்தெடுத்ததை அதன் கையில் கொடுப்பது விண்டோஸின் வேலை. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-லிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. அதற்கு முன் ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென்று ஒரு பெட்டியை எழுதிக்கொண்டிருந்தது. ஆகவே இடது ஓரத்தை ஓரிடத்தில் சரிசெய்தால் போதும். நோட்பேட், குரோம், ஃபோட்டோஷாப் என்று அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கும் எல்லாவற்றிலும் அது தெரியும். ‘கடைசியாக எந்த ஃபோல்டரில் இருந்தோம்’ என்ற நினைவை மட்டும் விண்டோஸ் புரோகிராம்வாரியாகத் தனித்தனியே வைத்திருக்கிறது. பிரவுசர் ஓரிடத்திலும் வேர்டு இன்னோரிடத்திலும் திறப்பதற்குக் காரணம் அதுதான்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செய்முறை ஒன்றே. வேண்டிய ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, ‘பின் டு குவிக் ஆக்சஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபோல்டரின் பெயர் இடது ஓரத்தில் வந்துவிடும். பக்கத்தில் சின்னதாக ஒரு குண்டூசிப் படமும் இருக்கும். இதற்கென்று ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் தனியாகத் திறக்க வேண்டும் என்பதில்லை. ஓப்பன் டயலாக் பாக்ஸுக்குள் தெரியும் ஃபோல்டரின் மேலேயே ரைட் கிளிக் செய்யலாம். ஒரு ஃபோல்டரைத் தேடிக் கண்டுபிடித்து அலுத்துப்போன அந்த நொடியிலேயே அதைப் பின் செய்துவிடுவதுதான் நல்ல பழக்கம். பிறகு செய்யலாம் என்றால் செய்ய மாட்டோம். எடுக்க வேண்டுமென்றால் அதே ரைட் கிளிக், ‘அன்பின் ஃப்ரம் குவிக் ஆக்சஸ்’. பட்டியலிலிருந்து பெயர் போகும், ஃபோல்டர் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். வரிசையை மாற்ற, பெயரை மவுஸால் பிடித்து மேலே கீழே இழுத்தால் போதும்.

விண்டோஸ் 10-ல் இந்தப் பட்டியலுக்கு மேல் ‘குவிக் ஆக்சஸ்’ என்று பெயர் எழுதியிருக்கும். விண்டோஸ் 11-ன் இப்போதைய பதிப்புகளில் மேலே ‘ஹோம்’ என்று இருக்கும்; நீங்கள் பின் செய்தவை அதற்குக் கீழே தலைப்பில்லாமல் வரும். பெயர் மாறியதே தவிர வேலை மாறவில்லை.

குண்டூசிப் படம் இல்லாமல் சில பெயர்கள் தாமாகவே வந்து உட்காரும். நீங்கள் அடிக்கடி போகும் ஃபோல்டர்கள் என்று விண்டோஸ் கணக்குப் போட்டுச் சேர்ப்பவை அவை. இந்த வசதி எனக்குப் பிடிப்பதில்லை. நேற்று மூன்றாவதாக இருந்த ஃபோல்டர் இன்று ஐந்தாவதாக இருக்கிறது; நாளை இருக்காது. ஒரு பட்டியல் கைக்குப் பழக வேண்டுமானால் அது ஓரிடத்தில் நிலையாக நிற்க வேண்டும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸைத் திறந்து, ‘ஜெனரல்’ பகுதியின் அடியில் ‘ப்ரைவசி’ என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். அடிக்கடி பயன்படுத்தும் ஃபோல்டர்களைக் காட்டு என்ற பொருளில் இருக்கும் கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டால், நீங்களாகப் பின் செய்தவை மட்டும் நிற்கும்.

எதைப் பின் செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் நாள் உற்சாகத்தில் இருபது ஃபோல்டரைச் சேர்த்துவிட்டு, பிறகு அந்த இருபதில் தேடிக்கொண்டிருப்பார்கள். படிப்படியாக இறங்கித் தேடுவதற்கும் நீண்ட பட்டியலில் தேடுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏழெட்டுக்கு மேல் போனால் கண் ஒரே பார்வையில் பிடிக்காது. ஆழத்தில் இருப்பவற்றுக்கும், இந்த மாதம் கையில் இருக்கும் வேலைக்கும் இடம் கொடுங்கள். சி டிரைவ், டி டிரைவ் போன்றவை கீழே எப்படியும் இருக்கின்றன. அவற்றைப் பின் செய்து இடத்தை அடைக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் டிடிபி கடை என்றால் ‘எல்லாப் பத்திரிகைகளும்’ என்ற பெரிய ஃபோல்டரைவிட, இந்த மாத ஆர்டர்கள் இருக்கும் ஃபோல்டரையும், அடிக்கடி எடுக்கும் விநாயகர் படம், பார்டர் டிசைன் இருக்கும் ஃபோல்டரையும் வைப்பதே பயன். மாதம் மாறும்போது பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். இரண்டு கிளிக் வேலை.

இன்னொரு சங்கடம், பெயர். பின் செய்த இடத்தில் ஃபோல்டரின் கடைசிப் பெயர் மட்டும்தான் தெரியும், அது எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்பது தெரியாது. ஆண்டுவாரியாக அடுக்கிவைப்பவர்கள் மூன்று வாடிக்கையாளர்களுக்கு மூன்று ‘2025’ ஃபோல்டர் வைத்திருப்பார்கள். மூன்றையும் பின் செய்தால் ஓரத்தில் 2025, 2025, 2025 என்று நிற்கும். விண்டோஸ் 7-ல் இந்தத் தொல்லை இல்லை. அதில் ‘ஃபேவரிட்ஸ்’ என்ற பெயரில் இருந்தவை சாதாரண ஷார்ட்கட்கள். ஃபோல்டரைத் தொடாமல் ஷார்ட்கட்டின் பெயரை மட்டும் நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடிந்தது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த வசதியைக் கொண்டுபோய்விட்டார்கள். எனவே பின் செய்யப்போகும் ஃபோல்டருக்குத் தனியாக நின்றாலும் புரிகிற பெயராக முதலிலேயே வைத்துவிடுங்கள்: ‘முருகன் ஸ்டோர்ஸ் 2025’ என்பது போல. தமிழில் பெயர் வைத்தாலும் பட்டியலில் ஒழுங்காகத் தெரியும்.

சிலருக்கு ‘சேவ் ஆஸ்’ கொடுக்கும்போது இடது ஓரமே தெரிவதில்லை என்ற புகார் உண்டு. பெட்டி சுருங்கி, ஃபைல் பெயர் எழுதும் இடம் மட்டும் இருக்கும். கீழே இடது மூலையில் ‘பிரவுஸ் ஃபோல்டர்ஸ்’ என்று ஒரு சிறு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் முழுப் பெட்டியும் விரியும். விரிந்த பெட்டியிலும் இடது ஓரம் காணாமல் போயிருந்தால் மேலே ‘ஆர்கனைஸ்’ என்பதைக் கிளிக் செய்து, ‘லேஅவுட்’டுக்குள் ‘நேவிகேஷன் பேன்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

ஆபீஸ் புரோகிராம்கள் கொஞ்சம் வேறு மாதிரி. வேர்டிலும் எக்செல்லிலும் புதிய ஃபைலில் கண்ட்ரோல்+எஸ் அழுத்தினால் மைக்ரோசாஃப்ட் தனக்கென்று செய்துவைத்திருக்கும் சின்னப் பெட்டி வரும். அது ஒன்டிரைவில் சேமிக்கத்தான் முதலில் ஆசைப்படும். அதைப் பார்த்து ‘நான் பின் செய்தது எங்கே’ என்று திகைக்க வேண்டாம். எஃப்12 விசையை அழுத்துங்கள். வழக்கமான சேவ் ஆஸ் பெட்டி நேராக வரும், உங்கள் பட்டியலோடு. ஆபீஸ் வேலை செய்பவர்கள் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்த விசையை வைத்துக்கொள்ளலாம்.

இனி ஒரு பழைய கதை. வெறும் கதையாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இன்றைய கம்ப்யூட்டரிலும் அது அவ்வப்போது எட்டிப்பார்க்கிறது. விண்டோஸ் 95-ன் ஓப்பன் பெட்டியில் இடது ஓரம் என்று எதுவும் கிடையாது. மேலே இழுத்துத் திறக்கும் ஒரு பட்டியல்தான். 2000-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000-தான் இடது பக்கம் ஒரு பட்டையைக் கொண்டுவந்தது. ‘பிளேசஸ் பார்’ என்று பெயர். எண்ணி ஐந்தே இடம், அஞ்சறைப் பெட்டி மாதிரி. அடுத்து வந்த எக்ஸ்பியில் அந்த ஐந்திலும் மைக்ரோசாஃப்ட் தன் விருப்பப்படி நிரப்பிவைத்திருந்தது: அண்மையில் திறந்த ஃபைல்கள், டெஸ்க்டாப், மை டாக்குமெண்ட்ஸ், மை கம்ப்யூட்டர், மை நெட்வொர்க் பிளேசஸ். வீட்டில் ஒற்றைக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவருக்கு நெட்வொர்க் எதற்கு? ஐந்தில் ஒன்று அப்படியே வீண். மாற்றுவதற்கு நேர்வழியும் இல்லை. மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகக் கொடுத்த ‘ட்வீக் யூஐ’ என்ற சிறு புரோகிராமைத் தேடிப் போட வேண்டும். அல்லது குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து உள்ளே உள்ளே போக வேண்டும். இரண்டும் இல்லாதவர் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் இதழ்களில் இந்தக் குறிப்பு திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் டயலாக் பாக்ஸைப் புதிதாகச் செய்தது. ஐந்து என்ற கட்டுப்பாடு போனது. ஆனால் பழைய முறையில் எழுதப்பட்ட புரோகிராம்கள் நின்றுபோய்விடக் கூடாது என்பதற்காகப் பழைய பெட்டியையும் விண்டோஸ் உள்ளே வைத்திருக்கிறது. இன்றும் விண்டோஸ் 11-ல் ஏதாவது ஒரு பழைய மென்பொருளைத் திறந்து ‘ஓப்பன்’ கொடுத்தால், இடது பக்கம் ஐந்து பெரிய ஐகான்களோடு அந்தப் பழைய பெட்டி வரலாம். நீங்கள் பின் செய்த பட்டியல் அந்தப் பட்டையில் வராது; முதல் ஐகானாக இருக்கும் குவிக் ஆக்சஸைக் கிளிக் செய்தால் உள்ளே பார்க்கலாம். ‘பின் செய்தும் இந்த ஒரு புரோகிராமில் மட்டும் வரவில்லையே’ என்பவர்களின் புதிருக்கு விடை இதுவாகவே இருக்கும்.

அந்த ஐந்து ஐகான்களை இப்போதும் மாற்ற வழி இருக்கிறது. விண்டோஸ் புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் குரூப் பாலிசி எடிட்டரில் யூசர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனெண்ட்ஸ், ஃபைல் எக்ஸ்ப்ளோரர், காமன் ஓப்பன் ஃபைல் டயலாக் என்று வரிசையாகப் போனால் ‘ஐட்டம்ஸ் டிஸ்ப்ளேடு இன் பிளேசஸ் பார்’ என்று ஒன்று இருக்கும். அதை எனேபிள் செய்து ஐந்து ஃபோல்டர்களின் முழு முகவரியை எழுதலாம். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது, ரெஜிஸ்ட்ரிதான் வழி. தினமும் அந்தப் பழைய மென்பொருளில் வேலை செய்பவராக இருந்தால் தவிர, இவ்வளவு தூரம் போவதில் அர்த்தமில்லை. எப்போதோ ஒருமுறைதான் அதைத் திறப்பீர்கள் என்றால், வேண்டிய ஃபோல்டரின் ஷார்ட்கட் ஒன்றை டெஸ்க்டாப்பில் போட்டுவையுங்கள். பழைய பெட்டியிலும் டெஸ்க்டாப் ஐகான் இருக்கும். அதிலிருந்து ஷார்ட்கட் வழியாக உள்ளே போய்விடலாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் இன்னும் சுலபம். ஃபைண்டரின் இடது பட்டையில் ‘ஃபேவரிட்ஸ்’ பகுதிக்கு ஃபோல்டரை இழுத்து வைத்தால் அது ஓப்பன், சேவ் பெட்டிகளிலும் வந்துவிடும். சேவ் பெட்டி மேக்கிலும் சுருங்கித்தான் திறக்கும். பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தி விரிக்க வேண்டும். மேக்கில் எனக்குப் பிடித்தது வேறொன்று: ஃபைண்டரில் ஒரு ஃபோல்டர் ஏற்கெனவே கண்முன் இருந்தால், அதை இழுத்து ஓப்பன் பெட்டியின் மேல் போட்டால் போதும், பெட்டி அந்த இடத்துக்குத் தாவிவிடும். இந்தப் பழக்கத்தோடு விண்டோஸுக்கு வந்து அதையே செய்யாதீர்கள். விண்டோஸ் பெட்டியில் இழுத்துப் போட்டால், அங்கே திறந்திருக்கும் ஃபோல்டருக்குள் உங்கள் ஃபோல்டர் நகர்ந்து போய் உட்கார்ந்துவிடக்கூடும்.

லினக்ஸில் உபுண்டு போன்றவற்றில் வரும் க்னோம் டெஸ்க்டாப்பில், ஃபைல்ஸ் புரோகிராமில் வேண்டிய ஃபோல்டருக்குள் நின்று கண்ட்ரோல்+டி அழுத்தினால் புக்மார்க் ஆகிவிடும். இந்தப் பட்டியல் வெறும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல், வரிக்கு ஒரு ஃபோல்டர். முகவரிக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு நம் விருப்பப் பெயரை எழுதினால் ஓரத்தில் அந்தப் பெயரே தெரியும். விண்டோஸ் பறித்துக்கொண்ட வசதி இங்கே பத்திரமாக இருக்கிறது. கேடிஇ டெஸ்க்டாப் தன் பட்டியலைத் தனியாக வைத்திருக்கிறது. இரண்டு வகைப் புரோகிராம்களையும் கலந்து பயன்படுத்துபவர்கள் இரண்டிலும் சேர்க்க வேண்டிவரலாம்.

பட்டியலே வேண்டாம், கீபோர்டே போதும் என்பவர்களுக்கும் வழி உண்டு. விண்டோஸ் ஓப்பன் பெட்டியில் ஆல்ட்+டி அழுத்தினால் மேலே உள்ள முகவரிப் பட்டையில் எழுதலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒரு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து ‘காப்பி ஆஸ் பாத்’ கொடுத்து, ஓப்பன் பெட்டியின் ஃபைல் பெயர் கட்டத்தில் ஒட்டி என்டர் தட்டினால், எந்த ஃபோல்டருக்கும் இறங்காமலே ஃபைல் திறக்கும். விண்டோஸ் 10-ல் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்தால்தான் இந்த வரி கண்ணில் படும். மேக்கில் கமாண்ட்+ஷிஃப்ட்+ஜி, க்னோமில் கண்ட்ரோல்+எல்.

எல்லாம் சரியாகப் பின் செய்து, சரியான ஃபோல்டருக்குள் போயும் ‘ஃபைல் இல்லையே’ என்று பதறுபவர்கள் உண்டு. பெட்டியின் கீழே வலது பக்கம் பாருங்கள். ‘படங்கள் மட்டும்’, ‘வேர்டு ஃபைல்கள் மட்டும்’ என்று ஒரு வடிகட்டி இருக்கும். பிடிஎஃப் தேடும்போது அது படங்களில் நின்றால் ஃபோல்டர் காலியாகத்தான் தெரியும். அங்கே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பதறலாம்.

ஒன்டிரைவ் பேக்கப் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த பேக்கப் ஓடத் தொடங்கினால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறும். அதற்கு முன் பின் செய்துவைத்திருந்தவை பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு ‘டாக்குமெண்ட்ஸ்’ கண்ணில் பட்டால் இரண்டையும் திறந்து, எதில் புதிய ஃபைல்கள் இருக்கின்றன என்று பார்த்து, மற்றதை அன்பின் செய்துவிடுங்கள். பென் டிரைவில் இருக்கும் ஃபோல்டரைப் பின் செய்வதும் வேண்டாம். டிரைவைக் கழற்றியதும் அது வெறும் பெயராகத்தான் நிற்கும்.

இன்னொன்று: ஓப்பன் பெட்டியில் தெரிவது படம் அல்ல, உண்மையான ஃபோல்டர். அங்கே ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து டெலீட் விசையைத் தட்டினால் ஃபைல் நிஜமாகவே அழியும். பெயர் மாற்றினாலும் அப்படியே. வேலைக்கு இது வசதி. கீபோர்டில் விளையாடும் குழந்தை பக்கத்தில் இருந்தால் ஆபத்து.

பொதுவில் பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில், பிரவுசிங் சென்டரிலோ நண்பரின் லேப்டாப்பிலோ, உங்கள் ஃபோல்டரைப் பின் செய்யாதீர்கள். செய்திருந்தால் எழுந்திருக்கும் முன் அன்பின் செய்துவிடுங்கள். விண்டோஸ் தானாகக் குறித்துவைத்த அண்மை ஃபைல்களை அழிக்க, மேலே சொன்ன ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் அதே ‘ப்ரைவசி’ பகுதியில் ‘கிளியர்’ பட்டன் இருக்கிறது. ஆனால் நீங்களாகப் பின் செய்ததை அந்தப் பட்டன் தொடாது. அதை ஒவ்வொன்றாகக் கையால்தான் எடுக்க வேண்டும்.